யார் அந்தப் பையன்?

பள்ளி விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழும். ஸ்வெட்டரை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்ட குட்டிக் கை. அதில் பல் பதிந்த தடம், மேலும் கீழுமாக இரண்டு சிவந்த வளைவுகள். கீழே ஒரு வரி: ‘எல்.கே.ஜி.ல இன்னைக்கு நடந்தது. யார் அந்தப் பையன்?’

அடுத்த கால் மணி நேரத்தில் பெயர் வந்துவிடும். பிறகு அவன் அப்பா என்ன வேலை பார்க்கிறார், வீடு எந்தப் பக்கம் என்ற விவரம். ‘போன வாரம் என் பொண்ணையும் தள்ளிவிட்டானாம்’ என்று இன்னொரு அம்மா. ‘பிரின்சிபாலைப் பார்த்து டி.சி. குடுக்கச் சொல்லணும்’ என்று ஓர் அப்பா. ராத்திரி சாப்பாட்டுக்குள் நாலு வயதுப் பிள்ளை ஒருவன் ரவுடியாகிவிடுவான். அவனோ அந்நேரம் அம்மா மடியில் தூங்கிப்போயிருப்பான்.

எந்த ஊரிலும் நடக்கிற கதைதான். கொடைக்கானலில் நடக்கும்போது இதற்குக் கனம் கூடிவிடுகிறது. சென்னையில் இப்படி முட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்காமலே காலம் தள்ளிவிடலாம். மலையில் அது நடக்காது. மூஞ்சிக்கல் கடைவீதியில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடித்தவனின் அப்பா டாக்ஸி ஓட்டுகிறவர் என்றால், கடிபட்டவளின் மாமா நடத்தும் காட்டேஜுக்கு சவாரி கொண்டுபோக வேண்டியிருக்கும். பள்ளிகளும் கைவிட்டு எண்ணக்கூடியவைதான். எல்.கே.ஜி.யில் ஒட்டிய பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு வரை பிள்ளையோடு கூடவே வரும்.

அந்தக் குழுவில் நூறு மெசேஜ் ஓடினாலும் ஒரு கேள்வி மட்டும் வராது. கடிப்பதற்கு முந்தைய பத்து நிமிஷத்தில் அந்த வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது? இந்த விஷயத்தில் கேட்டுப் பிரயோஜனம் உள்ள கேள்வி அது ஒன்றுதான் என்பது என் கட்சி.

அடிக்கிற வயசு

மனிதன் தன் ஆயுளில் மிக அதிகமாகக் கைநீட்டுகிற பருவம் எது என்று கேட்டால் நாமெல்லாம் பதினேழு, பதினெட்டு என்போம். கனடாவில் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே, பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்து வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். அவர் கண்டது வேறு. அடிப்பது, கடிப்பது, தள்ளுவது, பிடுங்குவது எல்லாம் உச்சத்தில் இருப்பது இரண்டு வயதிலிருந்து நாலு வயதுக்குள். அதற்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் அது படிப்படியாகக் குறைகிறது. அடிப்பதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அடிக்காமல் இருக்கத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. பேச்சு வரவர, காத்திருக்கப் பழகப்பழக, கை தானாக இறங்குகிறது. ஆக, எல்.கே.ஜி. வகுப்பு என்பது இந்தப் பாடம் பாதியில் நிற்கும் முப்பது பேரை ஒரே அறையில் உட்கார வைத்த இடம்.

‘புல்லியிங்’ என்ற சொல்லை இப்போது எல்லாவற்றுக்கும் போடுகிறோம். அதை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர் நார்வேயின் டான் ஓல்வேயஸ். 1982 கடைசியில் அந்நாட்டில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டபோதுதான் அரசு விழித்துக்கொண்டது; அடுத்த ஆண்டே நாடு முழுக்கப் பள்ளிகளில் இயக்கம் தொடங்கியது. ஓல்வேயஸ் வைத்த அளவுகோல் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவரிடம் செய்வது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். ஒரு கிரேயானைப் பிடுங்கும் சண்டையில் விழுந்த கடி அதில் சேராது. ஆனால் ஒரே பிள்ளையை ஒரே பிள்ளை வாரம் முழுக்கக் கழிப்பறைப் பக்கமாகக் கிள்ளிக்கொண்டே இருந்தால், வயது ஐந்தாக இருந்தாலும் சும்மா விடக்கூடாது.

பெற்றோர் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்பதும் புரியாமல் இல்லை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் வகுப்புத் தோழனை அரிவாளால் வெட்டினான். பென்சிலில் தொடங்கிய தகராறு என்று செய்தி வந்தது. அதைப் படித்த கையோடு எல்.கே.ஜி. பென்சில் சண்டையைப் பார்க்கிற அப்பாவுக்குக் குலை நடுங்கத்தான் செய்யும். இரண்டுக்கும் நடுவில் பத்து வருஷ வளர்ப்பு கிடக்கிறது என்பது அந்த நேரத்தில் தோன்றாது.

மழையும் பசியும்

மலைப் பள்ளிகளுக்கென்று சில காரணங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வானம் பிடித்துக்கொண்டால் நாள் கணக்கில் விடாது. மைதானத்தில் பனிமூட்டம், கால் வைத்தால் வழுக்கல். பிள்ளைகளை வெளியே விட முடியாது. ஈர ஸ்வெட்டர் வாடையோடு, ஜன்னல் சாத்திய அறைக்குள் காலையிலிருந்து மாலை வரை அடைபட்டுக் கிடப்பார்கள். அப்படிப்பட்ட நாளில் மூன்றாம் பீரியட் முடிவதற்குள் ஒரு சண்டையாவது வராவிட்டால்தான் ஆச்சரியம். அமெரிக்காவில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 11,000 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வந்தது. தினமும் பதினைந்து நிமிஷமாவது விளையாட விடப்பட்ட பிள்ளைகளின் வகுப்பறை நடத்தையை ஆசிரியர்கள் மேலாக மதிப்பிட்டிருந்தார்கள். மழை நாளில் ஓட ஒரு ஹால், அதுவும் இல்லாவிட்டால் பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டு அரை மணி நேரம் ஆட்டம் என்று யோசிக்காத பள்ளி, கடித்த பிள்ளையை மட்டும் விசாரிப்பதில் நியாயம் இல்லை.

அடுத்தது வயிறு. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கமிருந்து டவுனுக்குப் படிக்க வருகிற பிள்ளை விடிந்தும் விடியாமலும் வண்டி ஏறுகிறது. அந்தக் குளிரில், அந்த வளைவுகளில், இட்லியைத் திணித்தாலும் உள்ளே நிற்காது. பத்து மணிக்கு அந்தப் பிள்ளை யாரையாவது பிறாண்டினால் அது குணக்கேடா, பசியா? 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. கற்றலுக்காக, ஊட்டத்துக்காக என்று சொல்லப்படும் திட்டம். வகுப்பறை அமைதிக்கும் அதில் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். கட்டணம் வாங்கும் நர்சரிப் பள்ளிகளில் அந்தத் தட்டு இல்லை.

இன்னொன்று, சீசன். ஏப்ரல், மே வந்தால் ஊரே லாட்ஜ், டாக்ஸி, ஹோம்மேட் சாக்லேட் என்று ஓடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் அம்மா விடியக் கிளம்பி இருட்டித் திரும்புவாள். வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளைக்கு, அடித்தால் மட்டும் பெரியவர்கள் ஓடிவந்து தன்னைப் பார்க்கிறார்கள் என்பது சீக்கிரம் புரிந்துவிடும்.

கொடைக்கானலில் ஓர் இத்தாலியப் பாட்டி

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்ன ஒருவர் கொடைக்கானலில் வாழ்ந்திருக்கிறார் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. மரியா மாண்டிசோரி. 1939-இல், அறுபத்தொன்பது வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தார். போர் மூண்டு, இத்தாலி எதிரி நாடானது. ஆங்கிலேய அரசு அவர் மகன் மரியோவைக் காவலில் வைத்தது, அவர் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. 1940 ஆகஸ்டில், அவருடைய எழுபதாவது பிறந்தநாளையொட்டி, மகனை விடுவித்தது. பிறகு 1942-லிருந்து 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே சிறு பள்ளி ஒன்று நடந்தது. இலங்கையிலிருந்து வந்த லீனா விக்ரமரத்னே துணை நின்றார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள்; பாசியும் பூச்சியும் இலையும் பொறுக்கிவந்து பாடம் நடந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான மாண்டிசோரி முறை இங்கே மேலும் வளர்ந்தது.

இதற்கெல்லாம் வெகு முன்பு, 1907-இல், ரோமில் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோதே அடிதடிப் பிள்ளைகளை அவர் பார்த்துவிட்டார். அவர் மருத்துவர் ஆயிற்றே. மற்றவர்களைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கும் பிள்ளையை முதலில் டாக்டர் பரிசோதிப்பார். உடம்பில் குறை இல்லை என்றால், அறையின் ஒரு மூலையில் சின்ன மேசை, வசதியான நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் மற்ற பிள்ளைகள் வேலை செய்வது நன்றாகத் தெரிய வேண்டும். அவனுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டுச் சாமான்களைக் கையில் கொடுப்பார்கள். ஆசிரியை அறைக்குள் வந்ததும் நேராக அவனிடம்தான் போவார், உடம்புக்கு முடியாத பிள்ளையை விசாரிப்பதுபோல. மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்ப்பதே அவனுக்குப் பாடம். பிறரை நோகடிக்கும் செயலைத் தடுத்தே தீர வேண்டும் என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. பிள்ளைக்குச் சுதந்திரம் என்று பேசியவர், அதன் எல்லை அங்கே முடிகிறது என்றும் எழுதினார். தடுப்பதற்கு அவமானம் தேவை என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

நம் ஊர் மூலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சுவரைப் பார்த்து நிற்க வைப்பது, முட்டி போட வைப்பது, டிசம்பர்க் குளிரில் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிறுத்துவது. ரோமிலும் மூலை, இங்கேயும் மூலை. அங்கே பிள்ளை வகுப்பைப் பார்த்தது. இங்கே வகுப்பு பிள்ளையைப் பார்க்கிறது.

மாண்டிசோரி வகுப்பில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு சாமானிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பத்துக் கட்டைகளை அடுக்கும் இளஞ்சிவப்புக் கோபுரம் வகுப்புக்கு ஒன்று. ஒருவன் எடுத்துவிட்டால் மற்றவன் அவன் முடித்துத் திரும்ப வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதோடு, சண்டை வருவதற்கு முன்பே, சும்மா இருக்கும் நேரத்தில், எப்படிக் கேட்பது, எப்படி வழி விடுவது என்று நடித்துக் காட்டும் பாடம். நாம் சண்டை நடந்த பிறகு, பிள்ளை அழுது மூக்கு ஒழுகி நிற்கும்போது, ‘இப்படிப் பண்ணலாமா? சொல்லு, பண்ணலாமா?’ என்று பாடம் எடுக்கிறோம். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையின் காதில் என்ன ஏறும்?

நாமே கொடுத்த குட்டு

ஐம்பதைத் தாண்டிய யாரையாவது கேளுங்கள், இந்தக் காட்சியைச் சொல்வார்கள். வாத்தியார் கேள்வி கேட்பார். தெரியாதவர்கள் வரிசையாக நிற்பார்கள். தெரிந்த பிள்ளை பதில் சொல்லிவிட்டு, நிற்கிற ஒவ்வொருவர் தலையிலும் குட்டிக்கொண்டே போக வேண்டும். மெதுவாகக் குட்டினால் அதற்கு வாத்தியாரிடம் தனியாக வாங்க வேண்டும். வகுப்பில் வாத்தியார் இல்லாவிட்டால் லீடர் கையில் பிரம்பு; பேசியவர் பெயர் கரும்பலகையில் ஏறும். சக மாணவனை அடிப்பதைப் பள்ளிக்கூடமே ஒரு முறையாக நடத்திவந்த நாடு இது. பிறகு ஒரு பிள்ளை தன் சொந்தக் காரணத்துக்காக அடித்தால் மட்டும் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2023 ஆகஸ்டில் உத்தரப்பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தில், வாய்ப்பாடு சொல்லாத ஏழு வயது முஸ்லிம் சிறுவனை ஆசிரியை சக மாணவர்களை விட்டு அறையவைத்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அறை வாங்கிய சிறுவனோடு, அறைந்த பிள்ளைகளுக்கும் மனநல ஆலோசனை வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதுதான் அந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கை ஓங்கிய பிள்ளையும் அடிபட்டதுதான்.

சட்டம் இன்று தெளிவாகவே இருக்கிறது. ஏழு வயது நிரம்பாத பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 82-ஆவது பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 20-ஆவது பிரிவு. எல்.கே.ஜி. கடிக்காகக் காவல் நிலையம் போகிறேன் என்று மிரட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது. அதன் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் கணக்கெடுப்பது ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் அதிலிருந்து விலக்கும் கொடுத்துவிட்டது. கொடைக்கானலின் பழைய பள்ளிகளில் அந்த வகை நிறைய. அதனால் அங்கெல்லாம் அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. பொறுப்பில் இருப்பவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது 2015-இன் இளைஞர் நீதிச் சட்டப்படி எந்தப் பள்ளியிலும் குற்றம்தான். பள்ளிகளில் உடல் தண்டனையை ஒழிக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது.

சரி, கடித்துவிட்டான். இப்போது?

முதலில் போக வேண்டியது கடிபட்ட பிள்ளையிடம். பல வகுப்புகளில் இது தலைகீழாக நடக்கிறது. டீச்சர் கடித்தவனைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். கடிபட்டது தனியாக நின்று அழுகிறது. தண்ணீரில் கழுவி, தோல் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, மடியில் உட்கார வைத்துக்கொண்டு, அதன்பிறகு கடித்தவனை அருகே அழைத்து, அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, ‘கடிக்கக் கூடாது. அவளுக்கு வலிக்குது’ என்றால் போதும். அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு வாக்கியமும் பெரியவர்களின் மனச்சமாதானத்துக்கு. கிரேயான் வேண்டுமென்றால் ‘எனக்கும் குடு’ என்று எப்படிக் கேட்பது என்பதை, அழுகை ஓய்ந்தபின், அவன் வாயால் சொல்லவைத்துப் பழக்க வேண்டும்.

‘சாரி சொல்லு’ என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நாலு வயதுப் பிள்ளை சாரியை சுங்கக் கட்டணம்போலக் கட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடும். அதைவிட ஈரத் துணியை எடுத்துவந்து கொடுக்கச் சொல்லலாம், கலைத்துவிட்ட கட்டைகளைச் சேர்ந்து அடுக்கச் சொல்லலாம். செய்ய மறுத்தால் டீச்சரே செய்துகாட்டலாம், அவன் பார்க்கட்டும்.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டுக்கும் பள்ளியே தகவல் சொல்லிவிட வேண்டும், தனித்தனியாக, மற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லாமல். ‘பேரைச் சொல்லுங்க மிஸ்’ என்று அம்மா நெருக்குவாள். சொல்லக்கூடாது. பிள்ளையே வீட்டில் சொல்லிவிடும் என்பது வேறு விஷயம். பள்ளி சொன்னதாக இருக்கக் கூடாது. கூடவே ஒரு நோட்டில் குறித்துவைத்தால் நல்லது: என்ன நேரம், எந்த இடம், பக்கத்தில் யார், அதற்கு முன் என்ன நடந்தது. நாலைந்து குறிப்பு சேர்ந்தால் விஷயம் தானாக வெளியே வரும். எப்போதும் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், எப்போதும் கைகழுவும் வரிசையில் என்று தெரிந்தால், வரிசையை இரண்டாகப் பிரித்தாலே பாதிப் பிரச்சினை ஓடிவிடும்.

வீடுகளுக்கு வருவோம். ‘எவனாவது அடிச்சா நீயும் திருப்பி அடிச்சிட்டு வா. அழுதுட்டு வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன்.’ யூனிஃபார்ம் பட்டன் போட்டுக்கொண்டே அப்பாக்கள் சொல்லி அனுப்பும் மந்திரம் இது. அதே அப்பா சாயங்காலம், ‘எம் புள்ளையை ஏன் அடிச்சான்?’ என்று நிற்பார். அந்தப் பையனின் அப்பாவும் காலையில் அதே மந்திரத்தைத்தான் சொல்லி அனுப்பியிருப்பார். கடிபட்ட பிள்ளையின் அம்மா சொல்லித்தர வேண்டியது, சத்தமாக ‘வேண்டாம்’ என்று சொல்லி, கையை உருவிக்கொண்டு, மிஸ்ஸிடம் ஓடு என்பது. கடித்த பிள்ளையின் அம்மா செய்ய வேண்டியது இன்னும் கஷ்டம். பள்ளியில் நடந்ததற்கு வீட்டில் இரண்டாம் தண்டனை கொடுக்காமல் இருக்க வேண்டும். வலி எப்படி இருக்கும் என்று தெரியட்டும் என்று பிள்ளையைத் திருப்பிக் கடிக்கிற அம்மாக்களும் உண்டு. பிள்ளைக்கு அதில் தெரிவது ஒன்றுதான்: பெரியவர்களும் கடிப்பார்கள்.

‘முரடன்’ என்ற பட்டம் யாருக்குச் சீக்கிரம் விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். லாட்ஜ் முதலாளி மகன் தள்ளிவிட்டால் ‘துறுதுறுன்னு இருப்பான்’. எஸ்டேட் கூலியின் மகனோ பளியர் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையோ தள்ளிவிட்டால் ‘அவங்க வளர்ப்பு அப்படி’. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவன் உடன் படித்தவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, பள்ளிகளில் சாதி பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அது பேசியது பெரும்பாலும் வளர்ந்த மாணவர்களைப் பற்றி. ஆனால் யாரோடு சேரக்கூடாது என்பதைப் பிள்ளை முதன்முதலாகக் கேட்பது எல்.கே.ஜி. வாட்ஸ்அப் குழுவின் மெசேஜை அம்மா சத்தமாக வாசிக்கும்போது.

சில பிள்ளைகளுக்கு நல்ல பேச்சும் பழக்கமும் மட்டும் போதாது. நாலு வயதாகியும் கோவையாகப் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, மாதங்கள் போயும் அடிப்பது குறையவில்லை என்றால் காது கேட்கிறதா என்பதிலிருந்து பார்க்க வேண்டும். சொல்ல வாயில்லாத பிள்ளை கையால் சொல்லும். அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுக்கள் 2013 முதல் தேசியத் திட்டமாகவே இருக்கின்றன. மேற்கொண்டு பார்க்க மாவட்ட அளவில் மையங்கள் உண்டு. கொடைக்கானல்காரர்களுக்கு அது திண்டுக்கல். மலையிறங்கி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், ஒரு நாள் கூலி போகும். தள்ளிப்போடுகிறவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தள்ளிப்போடக் கூடாது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளையைப் பெரியவர்களே வதைக்கிறார்கள் என்றால் 1098. பள்ளி தொடர்பான புகாருக்குக் கல்வித் துறையின் 14417.

அடுத்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி பார்க்கப் போகிறவர்கள் ஃபீஸ், வேன், ஸ்மார்ட் கிளாஸ் எல்லாம் விசாரித்த பிறகு ஒன்றைச் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம்: ‘ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ முதலில் யாரிடம் போவோம், யாரிடம் எப்போது சொல்வோம் என்று நிதானமாக விவரித்தால் நம்பிச் சேர்க்கலாம். ‘எங்க ஸ்கூல்ல அந்த மாதிரியெல்லாம் நடக்கவே நடக்காது சார்’ என்று பதில் வந்தால், விண்ணப்பத்தை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த பள்ளிக்கு நடையைக் கட்டுங்கள்.